அறிவியல் பெயரில் நெல் ‘ஒரைசா சட்டைவா’, பூண்டு ‘அல்லியம் சட்டைவம்’. நெல்லுக்கு ‘சட்டைவா’, பூண்டுக்கு மட்டும் ஏன் ‘சட்டைவம்’?

இரண்டும் ஒரே லத்தீன் பெயரடைதான். விதைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. தானாக முளைக்காமல் பயிரிடப்படுவது என்று பொருள். மாறுவது விகுதி மட்டுமே. லத்தீனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு, பெயரடை அதற்கு இணங்கியாக வேண்டும். ‘ஒரைசா’ பெண்பால், அதனால் சட்டைவா. ‘அல்லியம்’ ஆணுமில்லை, பெண்ணுமில்லை, அதனால் சட்டைவம். குங்குமப்பூவின் ‘குரோகஸ்’ ஆண்பால் என்பதால் சட்டைவஸ். தமிழில் ‘நல்ல பையன்’, ‘நல்ல பெண்’ என்று பெயரடை அசையாமல் நிற்கிறதே, அதனால்தான் நமக்கு இது விநோதமாகப் படுகிறது.

சரி, கடைசி எழுத்தைப் பார்த்தே பாலைச் சொல்லிவிடலாமா? அங்கேதான் வம்பு. அரசமரம் ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’. ‘ஃபைகஸ்’ பார்வைக்கு ஆண்பால் மாதிரிதான் இருக்கும்; ஆனால் லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். முசுக்கட்டையும் ‘மோரஸ் ஆல்பா’தான், ‘ஆல்பஸ்’ இல்லை.