திருக்கை முள்ளும் பிளாட்டிபஸ் முள்ளும்: முதலுதவி ஒன்றல்ல

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் ஆற்றிலும் கடலிலும் மீன்பிடிக்கப் போகும் வாசகர் ஒருவர், "வாத்து அலகு கொண்ட ஆற்றுப் பாலூட்டியான பிளாட்டிபஸ், கடல்மீனான திருக்கை இரண்டுக்கும் விஷமுள் உண்டாமே, எது குத்தினாலும் ஒரே முதலுதவி போதுமா?" என்று கேட்கிறார்.

போதாது. திருக்கை விஷயத்தில் விஷத்தைவிடக் காயத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். அந்தக் கடலில் வாழும் குட்டைவால் திருக்கை இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமாக வளரும். அதன் வால்முள்ளின் ஓரங்களில் ரம்பப் பற்கள் உண்டு. வெளியே வரும்போது அவை சதையைக் கிழிக்கும். 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலிய வனவிலங்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வின் இறந்தது திருக்கை முள் மார்பில் பாய்ந்ததால்தான். மார்பு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் தைத்த முள்ளைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள். அசையாமல் வைத்து உடனே ஆஸ்திரேலிய அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள்.

பெரும்பாலும் மிதிபடும்போது காலில்தான் குத்தும். அப்போது ரத்தத்தை நிறுத்திவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாத நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருங்கள். சூட்டை அடிபடாத காலால் சோதியுங்கள். வலியின் கடுமையில் தோல் வெந்துபோவதே தெரியாது. வலி தணிந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். முள்துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

பிளாட்டிபஸ் பெரும்பாலும் இரண்டரைக் கிலோவைத் தாண்டாத பிராணி. வளர்ந்த ஆணுக்கு மட்டும் பின்னங்கால்களில் விஷமுள் இருக்கும். எதிரி ஆண்களோடு மோதும் இனப்பெருக்கக் காலத்தில் விஷம் அதிகமாகச் சுரக்கும். மனிதர் எவரும் இதனால் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் வலி கொடுமையானது, வாரக்கணக்கில் நீடிக்கக்கூடியது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்துகூட அதைச் சரியாக அடக்குவதில்லை; நரம்பை மரக்கச் செய்யும் ஊசி பலன் தருகிறது. முறிமருந்து கிடையாது. ஆகவே கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல், காயத்தைக் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். குத்தியது பிளாட்டிபஸ் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாம்புக்கடிக்குச் சுற்றும் இறுக்கமான கட்டைத் திருக்கை குத்தியவருக்குப் போடக் கூடாது.

தூண்டிலில் சிக்கிய பிளாட்டிபஸை விடுவிக்கப் போய்க் குத்துப்பட்டவர்கள் உண்டு. ஆணா பெண்ணா என்று ஆராயாமல், அதை ஆணாகவே எண்ணிப் பின்னங்கால்களிலிருந்து விலகியே இருங்கள். உள்ளூர் வனவிலங்கு மீட்புக் குழுவை அழைப்பதே நல்லது. ஆழமில்லாத கடல்நீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். அதிர்வை உணர்ந்து திருக்கை தானே விலகிப் போய்விடும்.