வகுக்காமலே தெரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை தெரிந்தவற்றிலேயே மிகப் பெரிய பகா எண்ணைப் பற்றி என் மகள் ஓயாமல் பேசுகிறாள். நான்கு கோடி இலக்கங்களைத் தாண்டிய எண்ணால் யாருக்கு என்ன பயன்? வங்கிக் கணக்கைப் பூட்டிவைக்க உதவுமா? வகுத்துப் பார்க்காமல், கம்ப்யூட்டர் சொல்வதை நம்புவது எப்படி? இந்த ஆர்வத்தை வளர்ப்பதா, திசை திருப்புவதா?

ம.

அன்புள்ள ம.,

பூட்டுக்கு உதவாது. அதற்குச் சில நூறு இலக்கப் பகா எண்கள் போதும். அவையும் ரகசியமாக இருக்க வேண்டும். பயன் பற்றிய அலுப்பூட்டும் கேள்வியைத் தாண்டிப் போகிறேன்.

மகள் விஷயத்தில் தயவுசெய்து குறுக்கே நிற்காதீர்கள். பேசட்டும். கேட்க ஆள் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிவதே பெரிது.

என்னைச் சீண்டியது மூன்றாவது கேள்விதான். வகுத்துப் பார்ப்பது ஒன்றே சோதனை என்று உங்களுக்கு யார் சொன்னது? நம்பிக்கைக்கு இங்கே என்ன வேலை? பேனாவை எடுங்கள். உங்கள் மகளின் எண் 2இன் ஓர் அடுக்கில் 1ஐக் கழித்து வருவது. அதே வகையில் சிறியது ஒன்று: 2இன் 7ஆம் அடுக்கில் 1ஐக் கழித்தால் 127. இப்போது 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டே போங்கள்: 14, 67, 42, 111, 0. அடுக்கைவிட இரண்டு குறைவாக, ஐந்தே படிகள். பூஜ்யம் வந்ததால் 127 பகா எண். 2, 3, 5 என்று எந்தக் காரணியையும் நாம் தேடவில்லை.

அடுக்கு 11 என்றால் எண் 2047. ஒன்பதாம் படியில் 1736 நிற்கிறது, பூஜ்யம் இல்லை. ஆகவே பகு எண். அது 23ஐ 89ஆல் பெருக்கியது என்பதற்கு அந்த 1736இல் ஒரு தடயமும் கிடையாது! உடையும் என்று தெரிகிறது, எங்கே உடையும் என்று தெரிவதில்லை. பல ஆண்டுகளாக என்னைத் தூங்கவிடாத சங்கதி இது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876இல் கண்ட வழியை அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் 1930இல் செம்மைப்படுத்திய சோதனை இது. நீங்கள் சொல்லும் எண்ணில் அடுக்கு 13,62,79,841. கணக்கு அதேதான், படிகள்தாம் பதின்மூன்றரைக் கோடிக்கு மேல். அதையும் வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு நிரல்களில் திரும்பச் செய்து பார்த்த பிறகே அறிவித்தார்கள். கடிதம் எழுதுமுன் இதையாவது படித்திருக்கலாம்.

இவ்வகைப் பகா எண்களைப் பட்டியலிட்ட பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென், அடுக்கு 67ம் பகா எண் தருவதாகச் சேர்த்திருந்தார். இல்லை என்று 1876இல் லூக்கா நிறுவினார், ஒரு காரணியும் கையில் இல்லாமல். 1903இல் கோல் என்பவர் 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளையும் கண்டுபிடித்துக் காட்டினார். எல்லோரும் கோலைக் கொண்டாடுகிறார்கள். அவர் உழைப்பாளி, மறுக்கவில்லை. எனக்கு லூக்காதான் பெரியவர்.

அடுக்கு 1277க்கு வாருங்கள். எண்ணுக்கு 385 இலக்கங்கள். பகு எண் என்பதில் சந்தேகமே இல்லை. இத்தனை கம்ப்யூட்டர்கள் இருந்தும் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் சிக்கவில்லை.