மூன்று மாதச் சம்பளம் பாக்கி, என்ஓசியும் தர மறுப்பு: இளம் கால்பந்து வீரர் கிளப்பை விட்டு விலகலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. 17 வயதில் ஒரு கால்பந்து கிளப் அவனை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. அப்பாவும் கையெழுத்துப் போட்டார். முதல் வருடம் மாதம் ரூ.20,000, இரண்டாம் வருடத்திலிருந்து ரூ.30,000 என்று அதில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் வருடமும் முதல் ஒன்பது மாதம் 20,000தான் போட்டார்கள். கடைசி மூன்று மாதமாக அதுவும் இல்லை. கேட்டால், “லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியவில்லை, சம்பளம் எங்கிருந்து தருவது?” என்கிறார்கள். இன்னொரு கிளப் உடனே வரச் சொல்கிறது. வேறு கிளப்புக்குப் போகத் தடையில்லை என்ற சான்றை, அதாவது என்ஓசியை, இவர்கள் தர மாட்டார்களாம். நடுவில் போனால் ரூ.10 லட்சம் கட்ட வேண்டுமாம். மைனராக இருந்தபோது போட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறார் ஒரு நண்பர். தம்பி கிளம்பிவிடலாமா?
– வடசென்னை வாசகர்

பதில்: இன்றைக்குக் கிளம்ப வேண்டாம். வெளியே வர உங்கள் தம்பிக்கு நல்ல வழி இருக்கிறது, ஆனால் அதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். முதலில் நோட்டீஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நண்பர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் மொகரி பீபி வழக்கில், ஆங்கிலேயர் காலத்தில் மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. இன்றும் அதுதான் சட்டம். ஆனாலும் இந்த வாதத்தை நான் கையில் எடுக்க மாட்டேன். ஒப்பந்தமே கிடையாது என்று நாமே சொல்லிவிட்டால், அதே ஒப்பந்தத்தைக் காட்டி மாதம் 30,000 கேட்பது சிக்கலாகிவிடும். தவிர, கால்பந்து அமைப்புகள் வேறு கணக்கில் போகின்றன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு ஒப்பந்தம் போடலாம், ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் கூடாது என்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. அதற்கு மேற்பட்ட காலத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். ஆக ஐந்து வருடம் என்று எழுதியிருந்தாலும் உங்கள் தம்பியைக் கட்டுப்படுத்துவது மூன்று வருடம்தான். இரண்டு முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்று.

இனி சம்பளம். உங்கள் கைக்கு வலுவான விதி ஃபிஃபா விதிகளில் ‘14பிஸ்’ என்ற எண்ணுள்ள பிரிவு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்த கிளப்புக்கு வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால், தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். பலர் சறுக்குவது இந்த நோட்டீஸில்தான். மேனேஜரிடம் பத்து முறை போனில் கெஞ்சியது நோட்டீஸ் ஆகாது. கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். குறைத்துப் போட்ட ஒன்பது மாதத்துக்கு 90,000, போடவே போடாத மூன்று மாதத்துக்கு 90,000, மொத்தம் ரூ.1,80,000. குறைந்த தொகையை இத்தனை நாள் வாங்கிக்கொண்டதால் சம்மதம் என்று கிளப் வாதிடும். அதனால், குறைத்ததை ஏற்கவில்லை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

அந்த 15 நாளும் தம்பி பயிற்சிக்குப் போக வேண்டும். கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டால், ஒப்பந்தத்தை மீறியது வீரர்தான் என்று கதையைத் திருப்பிவிடுவார்கள்.

லீக் தொடங்கவில்லை என்ற பதில் 2025 ஜூலையில் இந்தியாவின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டதிலிருந்து அடிக்கடி காதில் விழுகிறது. ஒப்பந்தத்தில் போட்டி நடக்காவிட்டால் சம்பளம் குறையும் என்று தெளிவான பிரிவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிளப்புக்கு மிஞ்சுவது ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு. நிறைவேற்றவே முடியாமல் போனால்தான் அது உதவும். செலவு கூடியது, வருமானம் குறைந்தது என்பதெல்லாம் போதாது என்று 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையனைத் தினமும் மைதானத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, வேலையே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

புதிய கிளப் விஷயத்தில் மிகக் கவனம். ஒப்பந்தம் நடப்பில் உள்ள வீரரிடம் பேசும் முன், புதிய கிளப் அவருடைய இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்குள் இருந்தால்தான் வீரர் வேறு இடத்தில் கையெழுத்திடலாம். தக்க காரணமில்லாமல் முதல் மூன்று சீசனுக்குள் விலகினால் நான்கு மாதம் ஆடத் தடை, கிளப்புக்கு நஷ்டஈடு வேறு. 2024இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறிய அன்வர் அலிக்கு, அகில இந்திய கால்பந்து சம்மேளனமான ஏஐஎஃப்எஃப்பின் வீரர் நிலைக் குழு விதித்ததும் நான்கு மாதத் தடைதான், நஷ்டஈடு ரூ.12.9 கோடி. தில்லி உயர் நீதிமன்றம் வரை போய் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டு, புதிதாக விசாரிக்கும் நிலை வந்தது. அவ்வளவு தூரம் போராட அவருக்குப் பின்னால் பெரிய கிளப் இருந்தது.

ரூ.10 லட்சம் மிரட்டலுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். தக்க காரணத்தோடு முறித்தால் கேள்வியே மாறிவிடும்: பாக்கியோடு மிச்சமுள்ள ஒரு வருடச் சம்பளத்தையும் நீங்கள் கேட்கலாம். புதிய கிளப்பில் வரும் சம்பளத்தை அதில் கழிப்பார்கள்.

15 நாள் கழிந்தும் பணம் வராவிட்டால், முறிவுக் கடிதம் கொடுத்துவிட்டு ஏஐஎஃப்எஃப்பின் வீரர் நிலைக் குழுவிடம் மனு போடுங்கள்; என்ஓசி தகராறையும் அதிலேயே சேருங்கள். இரு தரப்பும் இந்தியர் என்பதால் ஃபிஃபாவுக்கு நேரடியாகப் போக முடியாது. ஒப்பந்தப் படி, வங்கிக் கணக்கு விவரம், மேனேஜரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வேண்டும். வருமான வரித் தளத்தில் தம்பியின் பான் எண்ணையும் பாருங்கள். கொடுக்காத சம்பளத்துக்கு வரி பிடித்ததாகக் காட்டியிருந்தால் அது உங்களுக்கு நல்ல சாட்சி.

 பையன் தனியாகத்தான் பேரம் பேச வேண்டியிருக்கிறது. இந்திய கால்பந்து வீரர்கள் சங்கமான எஃப்பிஏஐயிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நோட்டீஸ் போனதும் கிளப் சமரசத்துக்குக் கூப்பிட வாய்ப்பு அதிகம். போய்ப் பேசுங்கள். ஆனால் ‘எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரி உள்ள தாளில், பணம் கணக்கில் ஏறும் முன் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது.