நித்திய புயங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோயன் சகோதரர்களின் ‘ட்ரூ கிரிட்’ (2010) படம் பார்த்தேன். முடிவில் பெயர்கள் ஓடும்போது ஐரிஸ் டிமெண்ட் பாடும் ‘லீனிங் ஆன் தி எவர்லாஸ்டிங் ஆர்ம்ஸ்’ (நித்திய புயங்களில் சாய்ந்து) என்ற கிறிஸ்தவப் பாட்டு இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. எழுதியவர் ஷோவால்டர் என்று ஓரிடத்திலும் ஹாஃப்மன் என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் சரிதான். மெட்டும் பல்லவியும் அந்தோனி ஷோவால்டருடையவை. மூன்று சரணங்களை எழுதியவர் எலிஷா ஹாஃப்மன் என்ற போதகர். பாட்டு 1887இல் அச்சானது.

ஷோவால்டர் ஜார்ஜியாவின் டால்டனில் குடியேறிய பாட்டு வாத்தியார். அன்றைய அமெரிக்கத் தெற்கில் இவரைப் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்த் தங்கி, ஊராரைக் கூட்டி நான்கு குரலில் பாடச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களுடைய புத்தகங்களில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. முக்கோணம் ஒன்று, வட்டம் ஒன்று, சதுரம் ஒன்று. உழவுக்காரரும் வடிவத்தைப் பார்த்தே ஸ்வரத்தைப் பிடித்துவிடலாம்.

அலபாமாவில் ஹார்ட்செல் என்ற ஊரில் அப்படி வகுப்பு நடத்தியபோது, ஒரு மாலை தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்புகிறார். இரண்டு கடிதங்கள் காத்திருக்கின்றன. இரண்டும் தென் கரோலினாவைச் சேர்ந்த பழைய மாணவர்கள் எழுதியவை. இரண்டிலும் ஒரே செய்திதான்: மனைவி இறந்துவிட்டாள்.

ஆறுதல் கடிதம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நண்பர் ஒருவரின் மனைவி தவறியபோது ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் ‘கிளம்பி வருகிறேன்’ என்று மட்டும் அனுப்பினேன். ஷோவால்டர் தன் பதில் கடிதத்தில் பைபிளின் உபாகமம் 33:27ஐ எழுதினார். நம் வேதாகமத்தில் அது, “அநாதி தேவனே உனக்கு அடைக்கலம், அவருடைய நித்திய புயங்கள் உனக்கு ஆதாரம்.” கடிதத்துக்காக எடுத்த அந்த வசனத்திலிருந்தே பல்லவியும் மெட்டும் பிறந்தன. அப்புறம் சரணங்கள் கேட்டு ஹாஃப்மனுக்கு எழுதினார். ஆக, பாட்டு முழுக்கவே தபாலில் உருவானது.

வசனத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தப் புயங்கள் ‘அடியில்’ இருக்கின்றன. தமிழில் அந்த ‘அடியில்’ என்பதை ‘ஆதாரம்’ என்ற சொல் சுமக்கிறது. கீழே விழுபவனைத் தாங்கும் கைகள் அவை. ஷோவால்டர் அவற்றைச் சாய்ந்துகொள்ளும் கைகளாக்கிவிட்டார். துணையை இழந்தவனுக்கு வீட்டில் சாய்ந்துகொள்ள ஒரு தோள் இல்லை என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். இந்தப் பாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவே.

நான்கு குரலில் ஒரு சபை பாடும் பதிவையும் தேடிக் கேளுங்கள். பல்லவியில் மேல்குரல் ‘லீனிங்’ என்று நீட்டி நிற்கும். அந்த இடைவெளியில் கீழ்க்குரல்கள் ‘லீனிங் ஆன் ஜீசஸ்’ என்று நுழையும். ஒரு குரல் இன்னொன்றின் மேல் சாய்ந்திருப்பது காதிலேயே தெரியும்.

சரணங்களில் சாவு என்ற சொல்லே இல்லை. சந்தோஷம், சமாதானம், நடக்கும் வழி நாளுக்கு நாள் வெளிச்சமாவது, இவ்வளவுதான். மூன்றாவது மட்டும் ‘நான் எதற்கு அஞ்ச வேண்டும்’ என்ற கேள்வியோடு தொடங்கும். அந்த வரி வரும்போது தென் கரோலினாவின் அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.