என்.ஜி.ஓ. வேலை என்றதும் கலங்கும் அம்மாவுக்கு

"பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்துவிட்டு என்.ஜி.ஓ.வுக்குப் போகிறேன் என்கிறாள், இதற்கா படிக்க வைத்தோம்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா, உங்கள் மகள் சொல்லும் வேலைக்குத் துறையில் 'எம் அண்ட் இ' (மானிட்டரிங் அண்ட் எவால்யுவேஷன், அதாவது கண்காணிப்பும் மதிப்பீடும்) என்று பெயர். செலவழித்த பணத்தால் மக்களுக்கு என்ன மாறியது என்று அளந்து சொல்ல வேண்டும். அவள் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு.

ஒரு நிறுவனம் மாலை வகுப்பு நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதை வருகைப் பதிவேடே சொல்லிவிடும். அவர்களுக்கு வாசிக்க வந்ததா? அதற்கு வகுப்பு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சோதிப்பார்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடக்கும் ஏசர் ஆய்வில் கிராமங்களில் வீட்டுக்கே போய், எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று அச்சிட்ட தாளைப் பிள்ளையிடம் நீட்டி, எதுவரை வாசிக்கிறது என்று குறிக்கிறார்கள். பக்கத்தில் நின்று, "நேத்துதானே படிச்சே, சொல்லுடா" என்று அம்மா அதட்டினால் தெரிந்த பிள்ளையும் திக்கும். அதைப் பக்குவமாகச் சமாளிப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

சிக்கல் இனிமேல்தான். ஓராண்டில் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் முன்னேறியிருக்கும். அதில் வகுப்பின் பங்கு எவ்வளவு? வகுப்பு கிடைக்காத, மற்றபடி ஒத்த பிள்ளைகளையும் அளந்தால்தான் தெரியும். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் பால்சகி திட்டத்தை, அதாவது உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தந்த திட்டத்தை, மும்பையிலும் வடோதராவிலும் 2000களின் தொடக்கத்தில் இப்படித்தான், குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிகப் பலன் என்று தெரிந்தது. அந்த ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

இதற்குத் தேவை கூடிவருகிறது. லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சி.எஸ்.ஆர். கடமை ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் உள்ள கம்பெனிகள், 1 கோடியும் அதற்கு மேலும் செலவான திட்டங்களை வெளி அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. அதனால் ஆலோசனை நிறுவனங்களிலும் இந்த வேலை இருக்கிறது.

உங்கள் பயத்திலும் நியாயம் உண்டு. பல வேலைகள் திட்டக் காலத்துக்கு மட்டுமான ஒப்பந்தம். தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது. அவள் முதலில் ஒரு கள ஆய்வில் கணக்கெடுப்பாளராகச் சேரட்டும், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்க்கட்டும். பிடித்திருந்தால் ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். நேர்காணலில் இரண்டு கேள்விகளை அவள் கட்டாயம் கேட்க வேண்டும்: ஒப்பந்தம் எத்தனை மாதம், பலன் இல்லை என்று கணக்கு காட்டினால் அதையும் அறிக்கையில் எழுத விடுவீர்களா? இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.