ஒரு ஃபேஸ் 230 வோல்ட் என்றால், இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 460 வராமல் 400 வருவது ஏன்?

வீட்டுக்குப் புதிதாக த்ரீ ஃபேஸ் வாங்கியிருக்கிறீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் 460 காட்டவில்லை, 400 காட்டுகிறது. மூன்று ஃபேஸ் இருக்கும்போது நியூட்ரல், அதாவது மூன்றுக்கும் பொதுவான திரும்பு ஒயர், எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஃபேஸ் 230 என்பது அந்த நியூட்ரலுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் அளப்பது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் இருபது வருஷமாக வயரிங் செய்கிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரே உரலில் மூன்று பேர் நின்று நெல் குத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு உலக்கை மேலே இருக்கும்போது ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும், ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் விழாது. த்ரீ ஃபேஸும் அப்படித்தான்.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று. பூஜ்யத்தில் கிளம்பி 325 வோல்ட் வரை ஏறும், இறங்கும், மைனஸ் 325 வரை போய்த் திரும்பும். அப்போ 230 என்பது? ஒரு ஹீட்டருக்கு பேட்டரி போல ஏறி இறங்காத 230 வோல்ட் டி.சி. கொடுத்தால் என்ன சூடு ஏறுமோ, அதே சூட்டை இந்த அலையும் கொடுக்கிறது. அதனால் அந்தப் பெயர். 325ஐ 1.414ஆல் (இரண்டின் வர்க்கமூலம்) வகுத்துப் பாருங்கள், 230 வரும்.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் இதே அலைதான். ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதற்கு 6.67 மில்லி செகண்ட் பிந்தி வரும், 120 டிகிரி. சிவப்பு உச்சியில் 325ல் நிற்கும்போது மஞ்சளும் நீலமும் ஆளுக்கு மைனஸ் 162ல் நிற்கும். மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். எந்த நொடியில் கூட்டினாலும் பூஜ்யம்தான். ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது நேர் எதிர் அடியில் இல்லை என்பதால்தான் 460 வருவதில்லை. 120 டிகிரி தள்ளி நிற்கும் இரண்டு அலைகளின் வித்தியாசம் ஒரு அலையைப் போல 1.732 மடங்கு (மூன்றின் வர்க்கமூலம்). 230ஐ 1.732ஆல் பெருக்கினால் 398, அதைத்தான் 400 என்கிறோம். மாவு மில் மோட்டார் அவ்வளவு சீராகச் சுற்றுவதும் இந்த மாறி மாறி வரும் தள்ளலால்தான். எந்த இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டாலும் அது எதிர்ப்பக்கம் சுற்றும்.

சரி, நியூட்ரல். மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருந்தால், மேலே பார்த்த மாதிரி மூன்று கரண்டும் கூடிப் பூஜ்யமாகிவிடும், நியூட்ரலில் கரண்டே ஓடாது. ஆனால் வீட்டில் சுமை எங்கே சமமாக இருக்கும்? முகப்பில் நாலு பல்பு, பின்கட்டில் கிரைண்டரும் ஹீட்டரும். ஏற்றத்தாழ்வைத் தாங்கி ஒவ்வொரு ஃபேஸையும் 230லேயே பிடித்து வைப்பது நியூட்ரல்தான்.

ஒரு கல்யாணத்துக்காக, பல வருஷம் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தார்கள். தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரும் வீடு. முகப்புக்கு ஒரு ஃபேஸ், நடுவில் முற்றம் இருக்கும் வளவுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று. சாயங்காலம் அந்த வீட்டு ஆச்சி, "தம்பி, முகப்புல லைட்டெல்லாம் என்னமா எரியுது பாருங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்கட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டர் வைத்தேன், முகப்பில் 340, பின்கட்டில் 150.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். போர்டைத் திறந்தால் நியூட்ரல் நட்டு தளர்ந்து, அலுமினிய ஒயர் முனை கருகி, மேல்தோல் உருகிக் கிடந்தது. கருகியதை வெட்டி, ஒயர் முனைக்கு லக் என்ற உலோக மூடி போட்டு இறுக்கினேன். எல்லாம் 230க்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் முகப்பு டிவி போய்விட்டது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு ஃபேஸில் உள்ள சாமான்கள் 400 வோல்ட்டுக்கு நடுவில் வரிசையாக மாட்டிக்கொள்ளும். சுமை குறைந்த பக்கத்துக்குத்தான் வோல்டேஜ் அதிகம் போகும். 2000 வாட் ஹீட்டர் ஒரு ஃபேஸில், 100 வாட் குண்டு பல்பு இன்னொன்றில், மூன்றாவதில் எதுவும் ஓடவில்லை என்றால், கணக்குப்படி பல்புக்கு 380 வோல்ட் வரை போகும்.

அதனால் உங்கள் போர்டில் நியூட்ரலில் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு லிங்க், அதாவது உருகிப் போகாத உலோகப் பட்டை, போடச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இது இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் பளீரென்றும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் எரிந்தால், முதலில் மெயினை அணையுங்கள். அப்புறம் வயர்மேனைக் கூப்பிடலாம்.