சீஸ் பூசிய சோளத் தீனி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சீட்டோஸ் போன்ற சீஸ் சுவைச் சோளத் தீனி முதன்முதலில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில்தான் உருவானது என்கிறார்களே, இது உண்மையா?

பதில்: உண்மைதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெலாய்ட் என்ற ஊரில் 1930களில் இயங்கிவந்த ஃப்ளேகால் நிறுவனம், மக்காச்சோளத்தை நசுக்கிக் கால்நடைத் தீவனமாக்கும் தொழிலைச் செய்துவந்தது. இயந்திரம் அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பணியாளர்கள் ஈரமாக்கிய சோளத்தை இடையிடையே அதனுள் கொட்டுவார்கள். உராய்வால் சூடேறிய அந்த ஈரச் சோளம், வெளியே வந்து காற்றுப் பட்டவுடன் உப்பி, நீண்ட நாடாக்களாக விழுந்தது. எட்வர்ட் வில்சன் என்ற பணியாளர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று சுவையூட்டிப் பார்த்தார். பின்னர் 'கோர்ன் கர்ல்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த தீனிக்கு அதுவே தொடக்கம். இந்தச் செய்முறைக்கு 1939இல் கோரப்பட்ட காப்புரிமை 1942இல் கிளாரன்ஸ் ஷ்வெப்கேயின் பெயரில் வழங்கப்பட்டது. இதை வெறும் தற்செயல் என்று சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டித் தள்ளியிருக்கக்கூடிய ஒன்றை உண்ணத்தக்கது எனக் கண்ட கவனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

நீங்கள் குறிப்பிடும் சீட்டோஸ் பின்னால் வந்தது. 1932இல் ஃப்ரிட்டோஸ் என்ற சோளச் சீவலைச் சந்தைக்குக் கொண்டுவந்த சார்லஸ் எல்மர் டூலின், 1948இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் அதை உருவாக்கினார். நாடு முழுவதும் அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை உருளைக்கிழங்குச் சீவல் வணிகரான ஹெர்மன் லே ஏற்றார். இருவரின் நிறுவனங்களும் 1961இல் ஒன்றாயின. 1965இல் அது பெப்சி-கோலாவுடன் இணைந்து பெப்சிகோவாக மாறியது.

கேள்வி: இந்தத் தீனி இவ்வளவு உப்பி வருவதற்குச் சோடா உப்போ ஈஸ்டோ சேர்க்கிறார்களா?

பதில்: இரண்டும் தேவையில்லை; நீர் ஒன்றே போதும். இத்தீனியைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் மக்காச்சோளத்தின் தோலையும் கருவையும் நீக்கிவிட்டு, எஞ்சிய மாவுப் பகுதியை ரவையாக உடைக்கிறார்கள். கருவில் எண்ணெய் மிகுதி. அது பின்னாளில் சிக்கு வாடையைத் தருவதோடு, உப்புவதையும் குறைக்கும். ரவையில் ஈரப்பதம் 15 விழுக்காட்டை ஒட்டி இருக்குமாறு நீர் தெளித்து, எக்ஸ்ட்ரூடர் என்னும் பிதுக்கு இயந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே அழுத்தமும் உராய்வும் சேர்ந்து வெப்பத்தை 100 டிகிரி செல்சியசுக்கு வெகுவாக மேலே ஏற்றுகின்றன. ஆனாலும் அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை. ரவையின் மாவுச்சத்து மட்டும் இளகிக் குழம்பாகிறது. அச்சின் துளை வழியே அது வெளியேறும் கணத்தில் அழுத்தம் சட்டென்று விலக, உள்ளிருக்கும் நீர் ஒரே நேரத்தில் ஆவியாகி வெடித்து விரிகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் நீராவி, தான் நீராக இருந்தபோது கொண்டிருந்த கன அளவைப் போலச் சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேகம் புரியும். ஆவி வெளியேறியதும் மாவுச்சத்து குளிர்ந்து இறுகி, எண்ணற்ற நுண்ணறைகள் கொண்ட வடிவமாக நின்றுவிடுகிறது. பாப்கார்னில் விதையின் தடித்த தோல் செய்யும் வேலையை இங்கே இயந்திரத்தின் இரும்பு உருளை செய்கிறது.

வெளிவரும் துண்டுகளில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கும். கரடுமுரடான மொறுமொறு வகையை, ஒன்று நிலையாக நிற்க மற்றது சுழலும் இரு தட்டுகளுக்கிடையே பிதுக்கி, எண்ணெயில் பொரிப்பார்கள். சீட்டோஸில் முதலில் வந்தது இதுதான். 1971இல் வந்த, காற்று நிறைந்த பஃப்ஸ் வகை பொதுவாக அடுப்பில் உலர்த்தப்படுவது.

கேள்வி: மேலே ஒட்டியிருக்கும் தூள் உண்மையான சீஸ்தானா?

பதில்: பெரும்பாலும் உண்மையான சீஸிலிருந்து செய்த தூள் அதில் இருக்கும், கூடவே மோர்த்தெளிவுத் தூள், உப்பு, சுவையூட்டி, நிறமி ஆகியவையும் கலந்திருக்கும். சீஸை உலர்த்துவது எளிதன்று, ஏனெனில் சூடுபட்டதும் கொழுப்பு உருகிப் பிரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்கான உணவுத் தேவை எழுந்தபோது, அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர் ஜார்ஜ் சாண்டர்ஸ் 1943இல் இதற்கு வழி கண்டார். துருவிய சீஸை முதலில் குறைந்த வெப்பத்தில் உலர்த்தி மேற்பரப்பை இறுகச் செய்து, கொழுப்பை உள்ளேயே அடைத்தபின், பொடித்து மேலும் உலர்த்துவது அவர் முறை. இன்று சீஸை உருக்கி, கொழுப்புப் பிரியாதிருக்க ஃபாஸ்பேட் உப்புகளைச் சேர்த்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்துகிறார்கள். சுழலும் உருளையில் சோளத் துண்டுகள் புரளும்போது எண்ணெயோடு இத்தூள் ஒட்டிக்கொள்கிறது. பொரித்த வகையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதை அடிக்கடி உண்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: பொட்டலத்தைத் திறந்து வைத்தால் இது ஏன் இவ்வளவு விரைவில் நமத்துப்போகிறது?

பதில்: ஆலையை விட்டு வரும்போது இதில் 1 அல்லது 2 விழுக்காடு ஈரமே இருக்கும். அந்த வறட்சியில்தான் நுண்ணறைகளின் மெல்லிய சுவர்கள் கண்ணாடிபோல் விறைப்பாக நின்று, கடித்ததும் நொறுங்குகின்றன. காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிதளவு உறிஞ்சினாலே மாவுச்சத்து இளகி, சுவர்கள் நொறுங்காமல் வளையத் தொடங்கும். பொட்டலத்துக்குள் நைட்ரஜனை நிரப்புவது வேறு காரணத்துக்காக: அது ஆக்சிஜனை விலக்கி எண்ணெய் கெடாமல் காக்கிறது, துண்டுகள் நசுங்காமலும் தாங்குகிறது. ஆகவே திறந்த பொட்டலத்தை மடித்து வைப்பதைவிட, மீதியைக் காற்றுப் புகாத கலனில் கொட்டி மூடிவைப்பது நல்லது.